முதல் அரசு டெண்டர்: 74 பக்கத்தில் எதை முதலில் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: திருச்சியில் அக்காவும் தம்பியுமாக எட்டுப் பேரை வைத்து ஸ்கேனிங், டேட்டா என்ட்ரி நிறுவனம் நடத்துகிறீர்கள். ஒரு மாநில அரசுத் துறை தன் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து தரச் சொல்லி ஆர்.எஃப்.பி. (செய்முறையும் விலையும் கேட்கும் டெண்டர் ஆவணம்) வெளியிட்டிருக்கிறது. 74 பக்க ஆவணம், 12 லட்சம் பக்கம் வேலை, தரத்துக்கு 30, விலைக்கு 70 என்று மதிப்பெண். கடைசி நாளுக்கு இன்னும் 19 நாள். இதுவரை தனியார் வேலை மட்டும்தான் செய்திருக்கிறீர்கள். எப்படி எழுதினால் கிடைக்கும்?

கிடைத்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டெண்டர் கிடைக்காததால் மூடிய சிறு நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. கிடைத்ததால் மூடியவை நாலைந்து தெரியும்.

அதனால் 74 பக்கத்தையும் முதலிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். நேராகப் பின்பாதிக்குப் போய், பணம் எப்போது எதன் பேரில் தருவார்கள், அபராதம் என்ன, ஒப்பந்தத்தை எந்தச் சூழ்நிலையில் ரத்து செய்வார்கள் என்ற இடங்களைத் தேடுங்கள். ஸ்கேனிங் வேலையில் பெரும்பாலும் 'துறை சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பக்கங்களுக்கு மட்டும்' பணம் என்று இருக்கும். சரி, யார் சரிபார்ப்பார்? எத்தனை நாளில்? ஆவணத்தில் அதற்குக் கெடு இல்லையென்றால், சரிபார்க்க வேண்டிய உதவியாளர் தேர்தல் பணிக்குப் போகும் இரண்டு மாதமும் உங்கள் பில் அந்த மேசையில்தான் கிடக்கும். அபராதம் வாரத்துக்கு இத்தனை சதவீதம் என்று இருக்கும், அதற்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். துறை கோப்புகளை எடுத்துத் தரத் தாமதித்தால் அந்த நாட்களும் உங்கள் கணக்கில் ஓடுமா என்பதையும் பாருங்கள். இவற்றுக்கு ஆவணத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டெண்டர் போடும் முன் துறை நடத்தும் ப்ரீ-பிட் என்ற விளக்கக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் அவை.

அடுத்து தகுதி நிபந்தனைகள். மூன்று வருட சராசரி டர்ன்ஓவர், இதே மாதிரி வேலை செய்த அனுபவம், இவை இரண்டிலும்தான் புதியவர்கள் அடிபடுவார்கள். தனியார் நிறுவனத்துக்குச் செய்த வேலையும் அனுபவமாக ஏற்கப்படுமா, அரசு வேலை மட்டும்தானா என்ற ஒரு வரியைக் கண்டுபிடியுங்கள். 'அரசு அல்லது பொதுத்துறை நிறுவனத்துக்கு' என்று தெளிவாக எழுதியிருந்தால், உங்களிடம் தனியார் வேலைச் சான்றிதழ் பத்து இருந்தாலும் தகுதி, தொழில்நுட்ப ஆவணங்கள் இருக்கும் முதல் கவரிலேயே (விலை தனிக் கவர்) கதை முடிந்துவிடும். அப்படியானால் வேறு நிறுவனத்தோடு கூட்டாகப் போட அனுமதி உண்டா என்று பாருங்கள். அனுமதித்தாலும் பொறுப்பு எல்லோருக்கும் சேர்த்தே வரும், கூட்டாளி ஓடிப்போனால் முழு வேலையும் உங்கள் தலையில்.

இந்த இடத்தில் எல்லோரும் 'நமக்கு உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) இருக்கே, சலுகை உண்டே' என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ம் ஆண்டு பொதுக் கொள்முதல் கொள்கை மத்திய அமைச்சகங்களையும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். அங்கே வருடக் கொள்முதலில் 25 சதவீதம் உங்களைப் போன்றவர்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். டெண்டர் ஆவணம் இலவசம், இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். எல்-1 (குறைந்த விலை கேட்டவர்) விலையை விட 15 சதவீதத்துக்குள் நீங்கள் கேட்டிருந்து, எல்-1 குறு, சிறு நிறுவனமாக இல்லாவிட்டால், அந்த விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம். இதெல்லாம் பொருள் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது, கட்டட வேலைக்கும் பொருந்தாது. டர்ன்ஓவர், அனுபவத் தளர்வு என்பது அங்கேயும் துறை விரும்பினால் தரலாம் என்ற அளவில்தான்.

உங்களுடையது மாநிலத் துறை. இங்கே ஆட்சி செய்வது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, அதன் கீழ் வந்த 2000-ம் ஆண்டு விதிகள். மாநிலத்துக்கென்று தனிச் சலுகைகள் உண்டு. ஆனால் அது எந்த அரசாணையின் பேரில், யாருக்கு என்பது உங்கள் ஆவணத்திலேயே இருக்கும். அதில் கேட்ட சான்றிதழ் எது என்று பார்த்து அதையே வையுங்கள். உத்யம் காகிதத்தை மட்டும் செருகிவிட்டு இ.எம்.டி. கட்டாமல் விடுவது பெரிய சூதாட்டம். சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டிவிடுங்கள். கிடைக்காதவர்களுக்கு அது திரும்பி வரும் பணம்தான். வேலை கிடைத்தால் தர வேண்டிய பாதுகாப்பு வைப்புத்தொகை வேறு, இ.எம்.டி. வேறு. இ.எம்.டி. விலக்கு கிடைத்தது என்பதால் அதிலும் விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பேங்க் கியாரண்டியாகக் கொடுக்க நினைத்தால் மேனேஜரிடம் இப்போதே பேசுங்கள். புதிய வாடிக்கையாளரிடம் முழுத் தொகைக்கும் எஃப்.டி. கேட்பது சாதாரணம். அந்தப் பணமும் வேலை முடியும்வரை முடங்கிக் கிடக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆவணத்தில் '12 லட்சம் பக்கம்' என்று இருக்கிறதே, பக்கம் என்றால் என்ன?

கிண்டல் இல்லை. நான் எடுத்த இரண்டாவது அரசு வேலை இதே மாதிரிதான். ஆவணத்தில் மூன்று லட்சத்துச் சொச்சம் என்று எண்ணிக்கை போட்டிருந்தது. வேலை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர்கள் எண்ணியது தாள்களை. கோப்பில் பாதித் தாளுக்குப் பின்பக்கத்திலும் குறிப்பு எழுதியிருந்தது. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யத்தான் வேண்டும், அதைவிட்டால் கோப்பு அரைகுறை. பில் போட்டபோது 'ஒப்பந்த எண்ணிக்கைக்கு மேல் நிதி ஒதுக்கீடு இல்லை' என்றார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்லி என்ன, ப்ரீ-பிட் கூட்டத்துக்கு நான் போகவே இல்லை. அதே வேலையில் இன்னொன்றும் படித்தேன்: தைத்த பதிவேடு, பூச்சி அரித்த தாள், மடித்தால் உடையும் வரைபடம் எதையும் தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் விட முடியாது. ஒவ்வொன்றாக வைத்து எடுக்கணும். வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். விலை மட்டும் அதேதான்.

ஆகவே கோப்பறையைக் கண்ணால் பார்க்காமல் விலை போடாதீர்கள். பெரும்பாலான ஆர்.எஃப்.பி.யில் 'விண்ணப்பதாரர் இடத்தைப் பார்வையிட்டதாகக் கருதப்படும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பார்க்காமல் விட்டாலும் பார்த்ததாகத்தான் கணக்கு.

ப்ரீ-பிட் கேள்விகளை அவர்கள் சொன்ன தேதிக்குள், அவர்கள் தந்த படிவத்தில், பிரிவு எண், பக்க எண் போட்டு எழுத்தில் அனுப்புங்கள். கூட்டத்தில் வாயால் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை, எழுத்தில் வெளியாகும் விளக்கமும் திருத்தமும்தான் ஒப்பந்தத்தில் சேரும். நிபந்தனை ஒரு குறிப்பிட்ட கம்பெனி ஸ்கேனரின் கேட்டலாக்கைப் பார்த்து எழுதியது போல இருந்தால், 'அதற்கு இணையானது' ஏற்கப்படுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். சில சமயம் திருத்துவார்கள். திருத்தாமல், டர்ன்ஓவர், ஸ்கேனர், சான்றிதழ் எல்லாமே ஒரே ஆளின் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி இருந்தால் உங்கள் பத்து நாள் உழைப்பை வேறு டெண்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், யாராவது வந்து 'உங்க லெட்டர்ஹெட்டில் ஒரு சப்போர்ட் கொட்டேஷன் மட்டும் கொடுங்க, அடுத்ததில் பார்த்துக்கலாம்' என்பார்கள். கொடுக்காதீர்கள். போட்டிச் சட்டத்தின்படி அது கூட்டுச் சதி. கருப்புப் பட்டியலில் வரும் பெயர் உங்களுடையது, அவருடையது இல்லை.

விலை. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், தொகைகளை உங்கள் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கட்டு அவிழ்த்து, ஊசி எடுத்து, ஸ்கேன் செய்து, திரும்பக் கட்டுவது வரை ஓர் ஆள் நாளைக்கு 2,000 பக்கம் செய்வார் என்று வைப்போம். ஆறு பேர், 12,000 பக்கம். 12 லட்சத்துக்கு 100 வேலை நாள், அதாவது நாலு மாதம். சம்பளம் 15,000 என்றால் உங்களுக்கு ஆகும் செலவு 15,000 இல்லை. முதலாளி பங்கு பி.எஃப். நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33 சேர்த்தால் ஏறக்குறைய 18,700. ஆறு பேருக்கு நாலு மாதம் 4,48,800. தரம் பார்க்க இரண்டு பேர், மேற்பார்வைக்கு ஒருவர், தலைக்கு எல்லாம் சேர்த்து 25,000 வைத்தால் 3 லட்சம். ஸ்கேனர் வாடகை, கணினி, ஹார்ட் டிஸ்க், போக்குவரத்து 1.5 லட்சம். மொத்தம் 8,98,800. பக்கத்துக்கு 75 காசு.

இந்த 75 காசில் பத்துப் பைசா லாபம் வைத்து 85 என்று போடுவதுதான் முதல் முறை போகிறவர் செய்வது. துறை கோப்பு தருவதில் ஒரு மாதம் தாமதித்தால் என்ன ஆகும் பாருங்கள். ஆட்களை அனுப்ப முடியாது, ஒன்பது பேர் சம்பளம் 1,87,200 கூடுதல். மொத்தம் 10,86,000. பணம் ஆறு மாதம் கழித்து வருகிறது, நீங்கள் 14 சதவீத வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இன்னொரு 76,000. இப்போது அடக்கமே 97 காசு. 85-க்கு எடுத்திருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 12 காசை அரசுக்கு நன்கொடை தருகிறீர்கள். அந்த 12 லட்சமும் தாள் கணக்காக இருந்துவிட்டால் எங்கே போய் நிற்பீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல், பில்லில் பிடித்தம் வரும். ஒப்பந்தம் 2.5 லட்சத்துக்கு மேல் என்றால் வரிக்கு உட்பட்ட சேவைக்கு ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2 சதவீதம், வருமான வரி டி.டி.எஸ். தனிநபர் நிறுவனமானால் 1, பங்குதாரர் நிறுவனமோ கம்பெனியோ ஆனால் 2. கணக்கு தாக்கல் செய்தால் வந்து சேரும் பணம்தான், ஆனாலும் கையில் சுற்ற வேண்டிய காசு அதுவரை வெளியே நிற்கும். விலைப் படிவத்தில் கேட்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதை இரண்டு முறை படியுங்கள். அரசுக்குத் தரும் சில சேவைகளுக்கு வரிவிலக்கும் உண்டு. உங்கள் வேலை அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

30-க்கு 70 என்ற மதிப்பெண் முறையும் உங்களுக்குப் புரிய வேண்டும். நீங்கள் தரத்தில் 85 வாங்கி 1 ரூபாய் 10 காசு கேட்கிறீர்கள், இன்னொருவர் தரத்தில் 70 வாங்கி 88 காசு கேட்கிறார் என்று வைப்போம். குறைந்த விலைக்கு முழு 100, உங்கள் விலைக்கு 88-ஐ 110-ஆல் வகுத்து 80. உங்கள் மொத்தம் 25.5, 56 சேர்த்து 81.5. அவருடையது 21, 70 சேர்த்து 91. அவருக்குத்தான் வேலை. இதுவே தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று இருந்திருந்தால் நீங்கள் 83.5, அவர் 79. ஆக, உங்கள் டெண்டரில் அழகாக எழுதி விலை வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. தொழில்நுட்பக் கவர் உங்களுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டும் வாசல்தான். மதிப்பெண் அட்டவணையை எடுத்து, டர்ன்ஓவருக்கு எத்தனை, அனுபவத்துக்கு எத்தனை, ஆட்களுக்கு எத்தனை என்று நீங்களே கறாராகப் போட்டுப் பாருங்கள். தேறவில்லை என்றால் அதோடு விடுங்கள்.

தேறினால் எழுதுங்கள். அவர்கள் கொடுத்த படிவம், அவர்கள் கொடுத்த வரிசை. மதிப்பிடும் குழுவில் இருப்பவர் ஒரு பட்டியலை வைத்து டிக் அடித்துக்கொண்டு போவார், அவருக்குத் தேடும் வேலை வைக்காதீர்கள். முதல் பக்கத்தில் எந்த ஆவணம் எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை போடுங்கள். டர்ன்ஓவர் சான்றிதழில் ஆடிட்டர் போடும் யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்கணும். கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரக் கடிதம் வேண்டும், நீங்கள் இரண்டு பேர் பங்குதாரர் என்றால் இது மிகவும் முக்கியம். செயல்முறை பற்றி எழுதும் இடத்தில் இணையத்தில் கிடைத்ததை ஒட்டாதீர்கள். கோப்பறையைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள் அல்லவா, அங்கே எத்தனை பீரோ, தைத்த பதிவேடு எவ்வளவு, மின்சாரம் போனால் என்ன செய்வோம், கோப்பு எங்கள் கைக்கு வந்ததும் திரும்பிப் போனதும் எந்தப் பதிவேட்டில் கையெழுத்தாகும் என்று எழுதுங்கள். கோப்பு தொலைந்துவிடுமோ என்பதுதான் அந்த அதிகாரிகளின் உண்மையான பயம். அதற்குப் பதில் சொல்லும் இரண்டு பக்கம் மற்ற இருபது பக்கத்தை விட வேலை செய்யும். விலை பற்றி ஓர் எண்கூடத் தொழில்நுட்பக் கவரில் வரக்கூடாது. வந்தால் தள்ளுபடி. 'இப்படிச் செய்தால் இந்த விலை' என்று நிபந்தனை போட்டாலும் அதே கதி.

பதிவேற்றம் பற்றிச் சுருக்கமாக. மாநில இ-டெண்டர் தளத்துக்கு மூன்றாம் நிலை டிஜிட்டல் கையொப்பம் வேண்டும், இன்றே விண்ணப்பியுங்கள். ஆவணங்களைக் கறுப்பு வெள்ளையில் 100 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் கோப்பு சின்னதாக இருக்கும் (ஸ்கேனிங் கம்பெனிக்கே இதைச் சொல்கிறேன், மன்னியுங்கள்). விலைப் பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், தளம் ஏற்காது. கொரிஜெண்டம் என்ற திருத்த அறிவிப்பு வந்தால் பழைய விலைப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை இறக்குங்கள். எல்லாம் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ்' என்ற பொத்தானை அழுத்தி ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் விண்ணப்பம் போனதாக அர்த்தம். அதை அழுத்தாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியவர்களை எனக்குத் தெரியும். நேரம் தளத்தின் மேலே ஓடும் கடிகாரப்படிதான், உங்கள் கைக்கடிகாரப்படி இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் தளத்திலேயே முடிவைப் பார்க்கலாம். யார் என்ன விலை போட்டார்கள் என்பது உங்கள் அடுத்த டெண்டருக்கான இலவசப் பாடம், எழுதி வையுங்கள். முடிவில் அநியாயம் நடந்ததாக நினைத்தால், ஆணை கிடைத்த 10 நாளுக்குள், மேலே சொன்ன 1998-ம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் 11-வது பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

கிடைத்தால், ஒவ்வொரு தவணையும் ஒப்படைக்கும்போது தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதிலிருந்து 45 நாளைத் தாண்டி எந்த ஒப்பந்தமும் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்குபவர் அரசுத் துறையானாலும் இது பொருந்தும். பணம் வராவிட்டால் அதற்கான அரசு இணையதளத்தில் பதிந்து, இப்படிப்பட்ட நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முந்தைய தேதியில் இருக்கட்டும், பிறகு எடுத்தவர்கள் வழக்கில் திண்டாடுகிறார்கள். வாடிக்கைத் துறை மேல் மன்றத்துக்குப் போக யாருக்கும் மனசு வராது, எனக்கும் ஒரு முறைதான் வந்தது. ஆனால் அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு பணிவான நினைவூட்டுக் கடிதம் அனுப்பினாலே பல நேரம் கோப்பு நகரும்.

ப்ரீ-பிட் கூட்டம் வரும் வியாழன் என்று எழுதியிருந்தீர்கள். அக்கா தம்பி இரண்டு பேரும் போங்கள், ஒருவர் கூட்டத்தில் உட்காரட்டும். மற்றவர் அனுமதி வாங்கிக் கோப்பறைக்குப் போய், வெவ்வேறு வருடத்துக் கட்டுகள் மூன்றை அவிழ்த்து எண்ணட்டும்: எத்தனை தாள், அதில் எத்தனைக்குப் பின்பக்கம் எழுத்து, எத்தனை தைத்தது, எத்தனை உடைவது. அந்த எண்ணிக்கையை இங்கே போடுங்கள், 97 காசைத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.